ஒடிசியில் 'பணிப்பெண்' என்பதற்கு ஒரே சொல்தானா?

கடலோடி:
ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டே பிடித்த இடங்களைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் 'மெய்ட்' வருகிறது, நானும் பணிப்பெண், பணிப்பெண் என்று எழுதி அலுத்துவிட்டேன். கிரேக்க மூலத்திலும் ஒரே சொல்தானா?

தறிக்காரி:
இல்லவே இல்லை. அடிக்கடி வருவது இரண்டு. 'த்மோஏ' என்றால் அடிமைப் பெண். 'அம்ஃபிபொலோஸ்' எசமானியைச் சுற்றியே இருப்பவள்; நாயகன் ஒடிசியஸின் மனைவி பெனலோப்பி மாடியிலிருந்து இறங்கி வந்து நிற்கும்போது இரண்டு பக்கமும் ஆளுக்கொருத்தி நிற்பார்களே, அவர்கள்தான். பைலோஸ் என்ற பழைய கிரேக்க ஊரில் கிடைத்த, ஹோமருக்கும் முந்தைய களிமண் பலகைகளிலேயே இந்தச் சொல் இருக்கிறது. சரக்கறையைப் பார்த்துக்கொள்பவள் 'தமியே', மாவரைப்பவள் 'அலெட்ரிஸ்'. 20ஆம் காண்டத்தில் 12 பேர் அரைக்க வேண்டும், மற்றவர்கள் முடித்துத் தூங்கிவிட்டார்கள், இருப்பதிலேயே தெம்பில்லாத ஒருத்தி மட்டும் விடியும்போதும் திரிகையை விடவில்லை. சட்டென்று நிறுத்தி, பெனலோப்பியை மணக்க வந்து அந்த வீட்டிலேயே தின்றுகொண்டிருக்கும் ஆட்களுக்கு இதுவே கடைசி விருந்தாகட்டும் என்று கடவுள் சேயுஸிடம் வேண்டுகிறாள். எனக்கு முழுக் காவியத்திலும் பிடித்த ஆள் அவள்தான்.

அகராதிப்பித்தன்:
ஏதென்ஸ் பக்கம் வந்தால் 'தெராபைனா'. அப்புறம் 'த்ராட்டா', அதாவது கிரேக்கத்துக்கு வடக்கே இருந்த திரேசியாக்காரி. ஊர்ப்பெயரே வேலைக்காரிக்குப் பெயராகிவிட்டது! வானத்தைப் பார்த்தபடி நடந்து கிணற்றில் விழுந்த தத்துவஞானி தேலிஸைப் பார்த்துச் சிரித்தவளையும் பிளேட்டோ அப்படித்தான் குறிப்பிடுகிறார், பெயர் சொல்வதில்லை.

மேற்கூரை:
என்னைக் கேட்டால் பணிப்பெண் என்பதே தப்பு, சம்பளத்துக்கு வந்தவள் மாதிரி இருக்கிறது. ஒடிசியஸ் வீட்டில் இப்படி 50 பெண்கள், அதில் 12 பேரை அவன் மகன் தெலமாக்கஸ் கயிற்றில் தொங்கவிடுகிறான். தமிழ் பைபிளிலும் இந்தக் குழப்பம் உண்டு. கிரேக்க மூலத்தில் மரியாள் தன்னைச் சொல்லும் 'தூலே' பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'அடிமை'. பேதுருவிடம் பேச்சுக் கொடுப்பவள் 'பைதிஸ்கே', அவள் 'வேலைக்காரி'. கலாத்தியரில் ஆபிரகாமுக்குப் பிள்ளை பெற்ற ஆகாருக்கும் அதே பைதிஸ்கேதான், அங்கே 'அடிமையானவள்'.

கடலோடி:
சரி, அப்போ த்மோஏக்கு அடிமைப் பெண், அம்ஃபிபொலோஸுக்குச் சேடி. யூரிக்ளியாவை என்ன செய்வது? 20 மாட்டு விலை கொடுத்து வாங்கப்பட்டவள், ஆனால் ஒடிசியஸை வளர்த்த செவிலியும் அவள்தானே.

தறிக்காரி:
கதை சொல்லும்போது செவிலி. தெலமாக்கஸ் அவளை 'மையா' என்று கூப்பிடும் இடத்தில் 'ஆயா' போடுங்கள், கச்சிதமாக உட்காரும்.