பல்லாரட் தங்க வயலில் அன்றாடம் எப்படி இருந்தது?

கேள்வி: 1850களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இருக்கும் பல்லாரட்டுக்குத் தங்கம் தோண்டப் போனவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள்? பள்ளி நாடகம் எழுதுகிறேன். எங்கே தேடினாலும் தோண்டுவோர் அரசை எதிர்த்த யுரேக்கா கலகம்தான் வருகிறது.

பதில் 1: ஆட்டிறைச்சி, டேம்பர், பால் சேர்க்காத தேநீர். பெரும்பாலும் மூன்று வேளையும் இதேதான். டேம்பர் என்றால் மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து சாம்பலில் புதைத்துச் சுடுகிற ரொட்டி. படுக்கை கித்தான் கூடாரத்தில். மண் அலசிய ஓடையிலேயே குடிக்கவும் மொண்டார்கள், வயிற்றுக்கடுப்புக்குக் கேட்கவா வேண்டும்! நாடகத்தில் ஒருவராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும், பிள்ளைகள் ரசிப்பார்கள். ஞாயிறு தோண்டக் கூடாது. துணி துவைப்பது, கடிதம் எழுதுவதெல்லாம் அன்றுதான்.

பதில் 2: கலகத்தை ஒதுக்காதீர்கள் சார், அதுவும் அன்றாடத் தொல்லையில் முளைத்ததே. தோண்டும் உரிமத்துக்குக் கட்டணம் முதலில் மாதம் 30 ஷில்லிங், பொட்டுத் தங்கம் கிடைக்காவிட்டாலும். போலீஸ் கேட்டால் குழியிலிருந்து ஏறி வந்து சீட்டைக் காட்ட வேண்டும். 1854 டிசம்பர் 3 அன்று நடந்த யுரேக்கா மோதல் அந்த எரிச்சலின் உச்சம்.

பதில் 3: சீனர்களை மறந்துவிட்டீர்களே? 1855இல் விக்டோரியா அவர்களுக்குத் தலைக்கு 10 பவுண்டு வரி போட்டது. அதைத் தவிர்க்க, தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி வாரக்கணக்கில் நடந்தே வந்தார்கள். தங்க வயல்களில் காய்கறி பயிரிட்டு விற்றவர்களும் அவர்களில் உண்டு.

கேட்டவர்: நன்றி. டேம்பர் வேகும்போதே போலீஸ் வந்துவிடட்டும். மேடையில் நெருப்புக்கு அனுமதி கிடையாது, சிவப்புத் தாள்தான்.