‘பெல்ட் ஸ்லிப்’: வழுக்கலா, சறுக்கலா, நழுவலா?

அன்புடையீர்,

தொழிற்கூடத் தையல் எந்திரங்களின் பழுதுபார்ப்புக் கையேட்டுக்காக, ‘பெல்ட் ஸ்லிப்’ (ஓடும் பெல்ட் கப்பியில் பிடி இழப்பது) என்பதற்கு ‘வார் வழுக்கல்’, ‘வார்ச் சறுக்கல்’ என்னும் இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வழுக்குவதற்கு எண்ணெயோ ஈரமோ வேண்டும். சறுக்குவதற்குச் சரிவு வேண்டும். மேசைக்கு அடியில் உள்ள கிளட்ச் மோட்டாரிலிருந்து (மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், மிதியை அழுத்தும்போதுதான் கிளட்ச் அதைக் கப்பியோடு இணைக்கும்) எந்திரத்தின் கைச்சக்கரத்துக்கு ஏறும் வி வடிவ பெல்ட்டோ, கப்பிப் பள்ளத்தின் அடியில் படிந்து ஓடுவதில்லை. தன் இரு பக்கங்களாலும் பள்ளத்தின் சுவர்களைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. பக்கங்கள் தேய்ந்து பெல்ட் அடியைத் தொட்டுவிட்டால், பிசுக்கு சிறிதும் இல்லாவிட்டாலும் பிடி விட்டுப்போகும். (அப்படித் தொட்ட பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னும், அந்த பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.) பிடியிலிருந்து விடுபடுவதைத் தமிழ் ‘நழுவுதல்’ என்கிறது, ‘கைநழுவிப் போயிற்று’ என்பது நாமறிந்த வழக்கு. எனவே ‘வார் நழுவல்’ என்பதே என் பரிந்துரை. பெல்ட் கப்பியை விட்டே வெளியேறுவதோடு இதைக் குழப்பிக்கொள்ள மாட்டார்களா என்றால், அதற்குப் பட்டறையில் ‘கழன்றுவிட்டது’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

இச்சொல்லோடு ‘கிளட்ச் நழுவல்’ என்பதையும் தனிப் பதிவாகச் சேர்க்க வேண்டுகிறேன். ஜீன்ஸின் தடித்த மடிப்பில் ஊசி இறங்கும்போது எந்திரம் திணறி நின்றால், இரண்டையும் ஒன்றாகவே ‘ஸ்லிப்’ என்று சொல்லி பெல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். பெல்ட்டை மூடியுள்ள காப்பின் இடுக்கு வழியே பார்த்தால் வேறுபாடு தெரியும்: கைச்சக்கரம் நின்றும் மோட்டார்க் கப்பி சுழன்றால் நழுவுவது பெல்ட், மோட்டார் உறுமிக்கொண்டிருக்கக் கப்பியும் சேர்ந்து நின்றால் நழுவுவது கிளட்ச். பின்னதற்காக பெல்ட்டை இறுக்கினால், எந்திரத்தின் மேல்தண்டுப் புஷ்ஷும் மோட்டாரின் பேரிங்கும் வீணாகத் தேயும். நடுவில் விரலால் அழுத்தினால் பெல்ட் ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிமீட்டர் உள்வாங்குவதே பொதுவாகப் போதுமான இறுக்கம்.

‘கிரீப்’ என்பதையும் நழுவலில் அடக்கலாம் என்ற கருத்தை ஏற்க இயலவில்லை. இழுபடும் பக்கத்தில் சற்று நீண்டும் தொய்வான பக்கத்தில் சற்றுச் சுருங்கியும் ஓடுவதால், நல்ல பெல்ட்டும் கப்பியின் மேல் சிறிதே பின்தங்கும். அது பழுதன்று, இயல்பு. நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் 100 மி.மீ. கப்பியும் எந்திரத்தில் 70 மி.மீ. கப்பியும் இருந்தால், கணக்குப்படி 2,057 சுற்று வர வேண்டிய இடத்தில் சில சுற்றுகள் குறைவதைத் தைப்பவர் உணரவே மாட்டார். இதற்கு ‘வார் ஊர்வு’ பொருந்தும்.

‘வார்’ என்பதையே வலியுறுத்த வேண்டுமா என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. பட்டறைச் சுவரில் ஒட்டும் தாளில் ‘பெல்ட் நழுவல்’ என்றே இருக்கட்டும்.

எஞ்சுவது பல் பெல்ட். மேல்தண்டையும் கீழே ஊசி நூலைப் பிடிக்கும் கொக்கியைச் சுழற்றும் தண்டையும் பல் பெல்ட்டால் இணைத்த எந்திரங்களில் அது நழுவுவதில்லை, ஒரு பல்லைத் தாண்டிவிடுகிறது. உடனே ஊசிக்கும் கொக்கிக்கும் இடையிலான நேர ஒழுங்கு கெட்டு, தையல் விடும், ஊசியும் முறியலாம். இதை ‘பல் தாண்டல்’ எனலாமா, ‘பல் தவறல்’ எனலாமா? முன்னதையே நான் விரும்புகிறேன். ‘எத்தனை பல் தாண்டியிருக்கிறது?’ என்று எண்ணிக் கேட்க அதுதான் இடம் கொடுக்கிறது.