புதுப்பிப்பு: உடம்பு வலிக்குக் காரணம் ஃபைப்ரோமையால்ஜியாவா, மாதவிடாய் நிற்பதா?

போன மாதம் கேட்டிருந்தேன்: வயது 48, உடம்பெல்லாம் வலி, தூக்கமில்லை, மறதி, இது மாதவிடாய் நிற்கப் போவதாலா, ஃபைப்ரோமையால்ஜியாவா (உடம்பெங்கும் வலி நீடிக்கிற நோய்) என்று. பதில் சொன்ன அக்காக்களுக்கு நன்றி.

தண்டையார்பேட்டையில் ஒரு மூட்டு மருத்துவரைப் பார்த்தேன். தைராய்டு, வைட்டமின் டி, ரத்தசோகை எதிலும் குறையில்லை. ஃபைப்ரோமையால்ஜியாவைக் காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனையே கிடையாதாம். முன்பு 18 இடங்களில் அழுத்திப் பார்த்து, 11-இல் வலித்தால்தான் அந்த நோய் என்பார்களாம். இப்போது வலி எங்கெல்லாம் பரவியிருக்கிறது, 3 மாதமாவது நீடித்ததா, தூங்கி எழுந்தும் அசதி போகவில்லையா என்றுதான் கேட்கிறார்கள்.

திடீரென்று முகம் கொதிப்பதும் நடுராத்திரியில் நைட்டி நனைவதும் மாதவிடாய் நிற்பதன் கணக்கு. (ராயபுரத்துப் புழுக்கத்தில் அதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு! மார்கழியிலும் வேர்த்தபோதுதான் எனக்குச் சந்தேகமே வந்தது.) மகள் ஆசையாகக் கட்டிப்பிடித்தாலே தோள் வலிக்கிறதே, அது மற்றதன் கணக்கு. சரி, எனக்கு எது? இரண்டுமே இருக்கிறதாம். 12 மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால்தான் நின்றதாக அர்த்தம். எனக்கு ஐந்துதான் ஆகிறது.

இப்போதைக்கு ராத்திரி ஒரு மாத்திரை, சாயங்காலம் அரை மணி நடை. அடுத்த வாரம் மகளிர் மருத்துவரைப் பார்க்கிறேன்.