ஃபேட்டி லிவர் மருந்து ஷேர்: ரிசல்ட்டுக்கு முன்னாடி உள்ள போலாமா?

காளைமாடு: நாஸ்டாக்ல (அமெரிக்க ஷேர் மார்க்கெட்) சின்ன பயோடெக் கம்பெனி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், லிவர் மருந்து, ஃபேஸ் 2 (நோயாளிங்க மேல பண்ற நடு கட்ட சோதனை) ரிசல்ட் சீக்கிரம் வருதாம். 2022 டிசம்பர்ல மெட்ரிகல்னு இதே மாதிரி லிவர் மருந்து கம்பெனி ஷேர் ஒரே நாள்ல மூணு மடங்குக்கு மேல ஏறுச்சே, அந்த மாதிரி அடிக்குமா?

லேப்கோட்: மெட்ரிகல் ரிசல்ட் ஃபேஸ் 3 ப்ரோ, அது கடைசி கட்ட பெரிய சோதனை. நீங்க ஜெயிச்சவன மட்டும் பாக்குறீங்க, ஜென்ஃபிட், கிலியட் மாதிரி மருந்து கம்பெனியெல்லாம் இதே நோய்ல ஃபேஸ் 3 வரைக்கும் போய் ஊத்திக்கிச்சு. இதுல பெரிய தலைவலி பயாப்ஸி, லிவர்ல ஊசி குத்தி எடுக்குற அந்த துளி சதைய வச்சுதான் லிவர் தழும்பு ஒரு ஸ்டேஜ் குறைஞ்சுதான்னு சொல்றாங்க, அதையே ரெண்டு டாக்டர் பாத்தா ரெண்டு ஸ்டேஜ் சொல்லுவாங்க, போதாக்குறைக்கு மருந்தே இல்லாத பிளாசிபோ (போலி மருந்து) குடுத்த ஆளுங்களுக்கும் கொஞ்சம் பேருக்கு சரியாகிடும்.

காளைமாடு: அப்போ சூதாட்டம்ங்கிறீங்க 😅

பழையபங்காளி: தம்பி, அகீரோன்னு இன்னொரு லிவர் மருந்து கம்பெனி கதைய பாருங்க. 2023 அக்டோபர்ல சிரோசிஸ் (தழும்பு முத்திப்போன ஸ்டேஜ்) ட்ரயல், 36 வாரத்துல 24% பேருக்கு முன்னேற்றம், பிளாசிபோல 14%, வித்தியாசம் பத்தலன்னு ஷேர் பாதிக்கு மேல காலி. அதே ட்ரயல் 96 வாரம் ஓடி 2025 ஜனவரில நல்ல ரிசல்ட் வந்ததும் ஒரே நாள்ல கிட்டத்தட்ட டபுள், அப்புறம் பெரிய மருந்து கம்பெனி நோவோ நார்டிஸ்க் வந்து அகீரோவ வாங்குறோம்னுச்சு. மருந்து அதேதான், நடுவுல பயந்து வித்தவன் கதிய யோசிங்க.

லேப்கோட்: ஆமாண்ணே. காளைமாடு, உங்க கம்பெனி எத்தன வாரத்துல பயாப்ஸி எடுக்குது, கையில காசு எவ்ளோன்னு மொதல்ல பாருங்க, ரிசல்ட் நல்லா வந்தாலும் மறுநாளே புது ஷேர் வித்து காசு தேத்துவாங்க, அதுல உங்க பங்கு கரையும்.