ஊரடங்கு தளர்ந்தா எந்த விளையாட்டை முதல்ல ஆரம்பிக்கலாம்? கிளப்புக்கு யோசனை வேணும்

பொருநைக்கரை | 13 ஜூலை 2020

எல்லாருக்கும் வணக்கம். தென்காசி பக்கம் ஒரு சின்ன ஊர்ல கிளப் நடத்துறோம். கிளப்னதும் பெருசா நினைச்சிராதீங்க, ஒரு மண் கிரவுண்டு, அதுல ஒரு ஓரமா கபடி களம், இன்னொரு ஓரம் வாலிபால், நடுவுல சாயங்காலம் பசங்க கிரிக்கெட், பக்கத்துல தகர ஷீட் போட்ட ஷட்டில் ஹால் ஒண்ணு, அந்த ஹால் மூலையில ஒரு டேபிள் டென்னிஸ் மேசையும் ரெண்டு கேரம் போர்டும், அவ்ளோதான். மார்ச்ல பூட்டுனது, இன்னும் திறக்கல.

மே 17 அன்னைக்கு வந்த மத்திய அரசு விதியிலயே ஸ்டேடியம், ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ் எல்லாம் பார்வையாளர் இல்லாம திறக்கலாம்னு இருந்துச்சு, ஆனா இங்க மாவட்ட அளவுல எழுதி வாங்கணும், அதுக்கு ஓடிக்கிட்டு இருக்கோம். என் கேள்வி அதப்பத்தி இல்ல. அனுமதி வந்துட்டா எதை முதல்ல ஆரம்பிக்கிறது, எதை நிறுத்தி வைக்கிறது? நேத்து ஞாயித்துக்கிழமை முழு ஊரடங்கு, எங்க கமிட்டி ஆளுங்க பூரா வீட்ல உக்காந்து இங்கிலாந்து-வெஸ்ட் இண்டீஸ் சவுத்தாம்ப்டன் டெஸ்ட் கடைசி நாள் டிவியில பாத்துக்கிட்டே போன்ல இதத்தான் பேசுனோம், வெஸ்ட் இண்டீஸ் ஜெயிச்சு முடிச்சுட்டாங்க, எங்க பேச்சு முடியல.

பொருளாளர் ஷட்டில் ஹாலத்தான் முதல்ல திறக்கணும்ங்கிறார். ஒருத்தர ஒருத்தர் தொட மாட்டாங்க, நடுவுல நெட் இருக்கு, மாச சந்தாவும் அதுலதான் வருது, கரண்ட் பில் கட்டணும். கபடிப் பசங்க தினமும் கேட்டுக்கு வெளிய வந்து நின்னு பாத்துட்டுப் போறாங்க. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஸ்மாஷ் மாறன்

இதுல யோசிக்க என்ன இருக்குண்ணே, ஷட்டில்தான். சிங்கிள்ஸ் மட்டும் விடுங்க, ஆளுக்கு ஒரு பக்கம், கை குலுக்க வேணாம், பேட்டால தட்டிக்கிட்டா போதும், வாசல்ல சானிடைசர் வைங்க, முடிஞ்சது. கபடியெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கலாம்.

---

மைக்ரோ மங்கை

பொருநைக்கரை சார், நான் லேப்ல வேலை பாக்குறேன், மாறன் தம்பி சொன்னதுக்கு நேர் எதிரா சொல்லப்போறேன், கோச்சுக்காதீங்க.

எல்லாரும் தொடுற விளையாட்டு, தொடாத விளையாட்டுன்னு ரெண்டா பிரிச்சுட்டு அதோட நிறுத்திடுறாங்க. தொடுறது ஒரு பாதிதான், மூச்சுக்காத்து எங்க போகுதுங்கிறது இன்னொரு பாதி. உங்க ஷட்டில் ஹால கண்ண மூடி யோசிச்சுப் பாருங்க, ஆட்டம் ஆரம்பிச்சதும் முதல் வேலையா என்ன பண்ணுவீங்க? ஃபேன ஆஃப் பண்ணுவீங்க, ஜன்னல சாத்துவீங்க, ஏன்னா கொஞ்சம் காத்தடிச்சாலும் காக் விலகிப் போயிடும். தகர கூரை, உள்ள புழுக்கம், ரெண்டு பேரு வாயால மூச்சு வாங்கிட்டு இருப்பாங்க, அடுத்த கேமுக்கு நாலு பேரு சுவரோரமா உக்காந்து கத்திப் பேசிக்கிட்டு இருப்பாங்க. நெட் பந்தைத்தான் தடுக்கும், காத்தை இல்ல.

இது சும்மா பயமுறுத்தல் இல்ல. தென் கொரியாவுல சோனான்ங்கிற ஊர்ல பிப்ரவரி மார்ச்ல நடந்தது, சூம்பா மாதிரி ஆட்ட வகுப்பு மாஸ்டருங்க ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போயி வாங்கிட்டு வந்து, 12 ஜிம்முல சேர்த்து 112 பேருக்குப் பரவிடுச்சு. வகுப்பு 50 நிமிசம், சின்ன ரூம், வேகமான ஆட்டம். ஆனா அதே கும்பல்ல ஒரு மாஸ்டர் பிலாட்டிஸும் யோகாவும் நடத்துனார், மெதுவா மூச்சு விடுற பயிற்சி, அவருக்கும் தொற்று இருந்துச்சு, வகுப்புல ஏழெட்டு பேரு, ஒருத்தருக்கும் ஒட்டல. அஞ்சு பேருக்குக் குறைவா இருந்த வகுப்புகள்லயும் பரவல. ஆக எவ்ளோ வேகமா மூச்சு வாங்குறோம், எத்தன பேரு, எவ்ளோ அடைச்ச இடம், இந்த மூணுதான் கணக்கு. போன வாரம்கூட 239 விஞ்ஞானிங்க சேர்ந்து காத்து வழியா பரவுறதக் கொஞ்சம் சீரியஸா எடுங்கன்னு கடிதம் எழுதியிருக்காங்க, படிச்சிருப்பீங்க.

ஜிம், நீச்சல் குளத்த இன்னும் பூட்டியே வச்சிருக்கான் பாருங்க. உங்க ஹாலும் கிட்டத்தட்ட ஜிம்முதான். நெட்ட கழட்டிட்டு வந்து வெளிய கிரவுண்டுல கட்டுங்க, காலையில காத்து எழும்புறதுக்கு முன்னாடி ஆடலாம், காக் கொஞ்சம் அலையும், பரவால்ல. தென்காசியில இந்த மாசம் காத்தடிக்கும்னு தெரியும் எனக்கு, சாரல் சீசன்ல ஷட்டில விட்டுடுங்கன்னுதான் சொல்லுவேன். கேரமும் அதே ஹாலுக்குள்ள வேண்டாம், நாலு தலை ஒரு போர்டு மேல குனிஞ்சு மணிக்கணக்கா இருக்கும்.

---

பி.டி. வாத்தியார்

மேடம் சொன்னத அப்படியே ஒத்துக்கிறேன். நான் ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர், என் அனுபவத்துல சொல்றேன், முதல்ல ஓட்டம். ஓட்டம் மட்டும்தான். பந்து வேண்டாம், பேட் வேண்டாம், பத்து அடி தள்ளித் தள்ளி ஓட விடுங்க. காரணம் கொரோனா மட்டும் இல்ல, பசங்க நாலு மாசமா போனப் பிடிச்சுக்கிட்டு படுத்திருக்கானுங்க, கேட்டத் திறந்த அன்னைக்கே மேட்ச் வச்சீங்கன்னா தொடைத்தசை பிடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தனா உக்காருவான். முதல் ரெண்டு மூணு வாரம் ஜாக், ஸ்ட்ரெச், கயிறு தாண்டுறது. மாஸ்க் போட்டுக்கிட்டு ஓடச் சொல்லாதீங்க, உலக சுகாதார நிறுவனமே உடற்பயிற்சி பண்ணும்போது வேண்டாம் இடைவெளி விடுங்கன்னுதான் சொல்லுது. வரும்போது போகும்போது போட்டுக்கட்டும்.

இன்னொண்ணு, யாருக்காவது கொரோனா வந்து போயிருந்தா அவன உடனே இறக்காதீங்க, நல்லாத்தான் இருக்கேன் சார்னு சொல்லுவான், நம்பாதீங்க. இதயத் தசையில வீக்கம் வரலாம்னு இருதய டாக்டருங்க சொல்றாங்க, அறிகுறி எல்லாம் போன பிறகும் ரெண்டு வாரமாவது ஓய்வு, அப்புறம் டாக்டர் சொன்னாதான் கிரவுண்டு.

ஓட்டத்துக்கு அடுத்து கிரிக்கெட். வெளி மைதானம், ஆளுக்கு ஆள் தூரம் ஜாஸ்தி, பேட்ஸ்மேனும் கீப்பரும் ஸ்லிப்பும்தான் கொஞ்சம் கிட்ட. பந்துல எச்சி தடவக்கூடாதுன்னு ஐசிசி ஜூன்லயே சொல்லிட்டான், ரெண்டு தடவ எச்சரிக்கை, அப்புறமும் தடவுனா 5 ரன் போயிடும், வேர்வை தடவலாமாம். நம்ம பசங்க டென்னிஸ் பால்ல ஆடுறவனுங்க, அதுல எச்சி தடவி எந்த ஸ்விங்கும் வரப்போறதில்ல, ஆனாலும் பவுலிங் போடுறதுக்கு முன்னாடி விரல நக்குறது ரத்தத்துல ஊறிப்போச்சு, அத நிறுத்துறதுதான் பெரிய பாடு. அதவிட முக்கியம் கிட் பேக். நம்ம மாதிரி டீம்ல ஹெல்மெட் ஒண்ணுதான் இருக்கும், அவுட் ஆகி வர்றவன் கழட்டி அடுத்தவன் தலையில மாட்டுவான், உள்ள ஸ்பாஞ்சப் பிழிஞ்சா வேர்வை சொட்டும். கார்க் பாலே வேண்டாம், டென்னிஸ் பால் வச்சு ஹெல்மெட் கிளவுஸ் இல்லாம ஆடட்டும்.

வாலிபால் மூணாவது. நெட் இருக்கு, வெளிய ஆடுறது, எல்லாம் சரி, ஆனா ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஆறு பேரும் நடுவுல ஓடி வந்து கைதட்டிக் கட்டிப்பிடிச்சுக் கத்துவானுங்க பாருங்க, அத நிறுத்த முடிஞ்சா ஆரம்பிங்க.

---

மஞ்சச் சுவர்

நான் ஜெர்மனி ஃபுட்பால் கிளப் டார்ட்மண்டோட ரசிகன், அதனால ஃபுட்பால் பக்கமிருந்து ஒரு விஷயம். மே 16 ஜெர்மனியில லீக்க ஆரம்பிச்சாங்க, முதல் நாளே எங்க ஆளுங்க ஷால்கவ 4-0, அது போகட்டும். ஃபுட்பால் முட்டி மோதுற விளையாட்டு, அத எப்படி முதல்ல தொடங்குனான்? பணம் சார். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே 36 கிளப்புல 1,724 டெஸ்ட் எடுத்தாங்க, 10 பாசிட்டிவ் வந்துச்சு. ரெண்டாம் டிவிஷன்ல டிரெஸ்டன் டீமையே 14 நாள் தனிமைல போட்டுட்டான். நம்ம ஊர்ல மூச்சுத் திணறலோட போறவனுக்கே டெஸ்டுக்கு வரிசையில நிக்கணும், கபடி டீமுக்கு வாரம் ரெண்டு டெஸ்ட் யாரு எடுப்பா. அதனால டிவியில அவன் ஆடுறான் நாமளும் ஆடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சவுத்தாம்ப்டனயும் ஏன் தேர்ந்தெடுத்தான், கிரவுண்டுக்குள்ளயே ஹோட்டல் இருக்கு, ரூம் ஜன்னல்ல இருந்து பிட்ச் தெரியும், யாரும் வெளிய போகவே வேண்டாம்.

நியூசிலாந்தப் பாருங்க, ஜூன் 13 ரக்பி ஆரம்பிச்சான், டனிடின்ல 20,000 பேருக்கு மேல ஸ்டேடியத்துல உக்காந்து பாத்தாங்க. ரக்பிய விட ஒட்டி உரசுற விளையாட்டு உலகத்துல இருக்கா? ஊர்ல நோய் இல்ல, ஆடுறான். ஆக எந்த விளையாட்டுங்கிறதுக்கு முன்னாடி உங்க தாலுகாவுல தினம் எத்தன கேஸ் வருதுன்னு பாருங்க.

அப்புறம் ஜோகோவிச் கத. டென்னிஸ் மாதிரி பாதுகாப்பான விளையாட்டு கிடையாது, வெட்டவெளி, ரெண்டு பேருக்கும் நடுவுல இருபது மீட்டருக்கு மேல. போன மாசம் அவரு நடத்துன அட்ரியா டூர்ல அவருக்கு, டிமிட்ரோவ், சோரிச், ட்ராய்க்கி எல்லாருக்கும் வந்துச்சு. கோர்ட்டுல வந்திருக்கும்னு நினைக்கிறீங்களா? மேட்ச் முடிஞ்சு கட்டிப்பிடிச்சு பாஸ்கெட்பால் ஆடி ராத்திரி கிளப்ல சட்டையில்லாம ஆட்டம் போட்டாங்க. உங்க பசங்க கிரிக்கெட்ல வாங்க மாட்டானுங்க, ஆட்டம் முடிஞ்சு ஒரே வாட்டர் கேன்ல வாய வச்சுக் குடிச்சுட்டு ஒரு பைக்ல மூணு பேரு போவானுங்க பாருங்க, அதுலதான் வாங்குவானுங்க.

---

சிவப்பு டிக்கெட்

குறுக்க வர்றேன், செஸ் நிக்கவே இல்லையே யாரும் கவனிக்கலையா? மார்ச்ல ரஷ்யாவுல உலக சாம்பியனோட மோத ஆளத் தேர்ந்தெடுக்கிற கேண்டிடேட்ஸ் போட்டிய பாதியில நிறுத்துனதோட சரி, அப்புறம் பூரா ஆன்லைன். நம்ம ஆனந்த் சார் பிப்ரவரில போயி ஜெர்மனியிலயே மாட்டிக்கிட்டாரு, அங்க இருந்துக்கிட்டே மே மாசம் இந்தியா டீமுக்கு ஆன்லைன்ல ஆடுனாரு. கேரம் ஆடுற பெருசுங்களுக்கு யாராவது ஆப் போட்டுக் குடுங்க.

---

ரெய்டர் முத்து

எல்லாரும் படிச்சவங்களா பேசுறீங்க, நான் கபடி ஆடுறவன், மாறன் அண்ணன் அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு ஈசியா சொல்லிட்டாரு. எங்களுக்கு மாசி பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் கோயில் கொடையை ஒட்டி ராத்திரி டோர்னமெண்டு, அந்த சீசன்தான் எங்களுக்கு வருமானம், பூரா போச்சு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டுக்கும் போலீஸ் வேலைக்கும் சர்டிஃபிகேட் சேர்க்கிற பசங்க இருக்கானுங்க, ஒரு வருசம் போனா வயசு தாண்டிடும். ஷட்டில் ஆடுறவருக்கு பொழுதுபோக்கு, எங்களுக்கு அப்படி இல்ல.

நீங்க சொல்றது புரியாம இல்ல. கபடி கபடின்னு மூச்சு விடாம பாடிக்கிட்டே எதிர் டீம் மூஞ்சிக்கு நேரா போறோம், மாட்டுனா ஏழு பேரு மேல விழுவான். இதவிட மோசமா ஒரு விளையாட்ட வைரஸுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா கேட்டுக்கு வெளியவே நிப்பாட்டாதீங்க, எங்களுக்கும் ஏதாவது சொல்லுங்க.

---

மைக்ரோ மங்கை

முத்து தம்பி, உங்க கோவம் நியாயம். கபடிய பூட்டுங்கன்னு நான் சொல்லல, மேட்ச மட்டும்தான் வேணாம்ங்கிறேன். கால் வேலை, பின்னால ஓடித் திரும்புறது, போனஸ் கோடு எட்டுறது, எடை தூக்குறது எல்லாமே தனியா பண்ணலாம்ல? ரெய்டு பழகணும்னா எதிர்ல ஆளுக்குப் பதிலா கம்பு நட்டு வைங்க, பாட்டும் வேண்டாம், கோச் கையில வாட்ச் இருக்கட்டும், 30 செகண்ட் ஆனதும் விசில். பிடிச்சுப் பழகியே ஆகணும்னா, எப்பவும் அதே நாலு பேரு, மாத்தாம. ஒருத்தன் வீட்ல யாருக்காவது காய்ச்சல்னா அந்த நாலு பேரும் நின்னுக்கணும், மத்தவன் ஆடிக்கிட்டு இருக்கலாம். இந்திய ஹாக்கி டீம் பெங்களூர்ல இருக்கிற இந்திய விளையாட்டு ஆணைய (சாய்) வளாகத்துக்குள்ளயே ஊரடங்கு பூரா இருந்தாங்கல்ல, வெளியாள் கலக்காம இருக்கிறதுதான் அதோட பலன், உங்களால அவ்ளோ முடியாது, நாலு பேருன்னா முடியும்.

ராத்திரி டோர்னமெண்டுதான் பெரிய ஆபத்து, அது ஆட்டக்காரங்களால இல்ல, சுத்தி நிக்கிற கூட்டத்தால. அத இந்த வருசம் மறந்துடுங்க.

---

பி.டி. வாத்தியார்

முத்து, சர்டிஃபிகேட் கவலைய நீ மட்டும் படல, மாநிலம் பூரா இதே கததான், எல்லா பி.டி. மாஸ்டரும் சேர்ந்து மனு குடுக்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம். வயசு வரம்புல ஒரு வருசம் தளர்த்தச் சொல்லிக் கேட்கணும். அதுவரைக்கும் உடம்ப விட்டுடாத.

---

பொருநைக்கரை | 16 ஜூலை 2020

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு நியூஸ் பாத்தீங்களா, ரெண்டாவது டெஸ்ட் ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இங்கிலாந்து பவுலர் ஜோஃப்ரா ஆர்ச்சர வெளிய உக்கார வச்சுட்டான், சவுத்தாம்ப்டன்ல இருந்து மான்செஸ்டர் போற வழியில சொந்த வீட்டுக்குப் போயிட்டு வந்தாராம். எங்க பொருளாளருக்கு அந்த லிங்க அனுப்புனேன், வாட்டர் கேன் கதையும் சேர்த்து.

கமிட்டியில பேசி முடிவுக்கு வந்தது இது. அனுமதி வந்ததும் முதல் மூணு வாரம் ஓட்டமும் உடற்பயிற்சியும் மட்டும், காலையில ஒரு குரூப், சாயங்காலம் ஒரு குரூப், தண்ணி பாட்டில் அவனவன் வீட்ல இருந்து. அதுல கபடிப் பசங்களுக்குக் காலை நேரத்த ஒதுக்கியாச்சு, கேட்டு சாவி முத்து மாதிரி ஒரு மூத்த பையன்கிட்ட இருக்கும். அப்புறம் டென்னிஸ் பால் கிரிக்கெட், ஹெல்மெட் கிட் பேக்கெல்லாம் பூட்டி வைக்கிறோம். வாலிபால பாத்துட்டு. ஹால் சாவி என்கிட்டயே இருக்கும், திறக்கப் போறதில்ல. பொருளாளர் இன்னும் முறைச்சுக்கிட்டுதான் இருக்கார், சந்தாவ ஷட்டில் ஆளுங்க பாதியாவது குடுத்தா கரண்ட் பில்லுக்கு ஆகும்னு கேட்டிருக்கோம், ரெண்டு பேரு குடுத்துட்டாங்க.

மங்கை மேடம், ஒரு சந்தேகம். ஹால்ல மேல் பக்கம் ரெண்டு தகரத்த எடுத்துட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா செப்டம்பர் மாதிரியாவது ஷட்டில் விடலாமா, இல்ல அதுவும் பத்தாதா? பெயிண்டர் ஒருத்தர் வேலையில்லாம இருக்கார், அவரே பண்ணித் தர்றேங்கிறார்.