இரவு ஷிப்ட்டில் பழுதை யாரும் சொல்வதில்லை: எப்படி ஆராய்வது?

மீனா_பாயான்பாரு

வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் சர்க்கிட் போர்டு செய்யும் ஓர் ஆலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். 6 லைன், பகல் இரவு 2 ஷிப்ட், ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய 14 பேர். பாதிப் பேர் உள்ளூர், மீதி நேப்பாளம், இந்தோனேசியா. 3ஆம் லைன் இரவு ஷிப்ட்டில் ஓப்பரேட்டர்கள் எழுதிவைக்கும் பழுது மிகக் குறைவு. ஆனால் கடைசி டெஸ்ட்டில் விழுவதும், வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வருவதும் அங்கேதான் அதிகம். மேனேஜர் "ஒரு சர்வே போடு, 3 வாரத்தில் ரிப்போர்ட் வேண்டும்" என்கிறார். எத்தனை கேள்வி, எந்த மொழியில்? 12 குழுக்களையும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தலாமா?

அளவுகோல்

மீனா, சர்வேக்கு முன் கையில் இருக்கும் எண்களைப் பாருங்கள். லைனில் எழுதப்பட்ட பழுது ஒரு பத்தி, கடைசி டெஸ்ட்டில் பிடிபட்டது இன்னொரு பத்தி. கடந்த 12 வாரத்துக்கு, ஷிப்ட் வாரியாக. இரண்டும் குறைவென்றால் அந்தக் குழு நன்றாக வேலை செய்கிறது. முதல் பத்தி குறைந்து இரண்டாவது ஏறியிருந்தால், பழுது நடக்கிறது, சொல்லப்படவில்லை. எழுதிய பழுதை மட்டும் வைத்து குழுக்களை மதிப்பிட்டால், வாய் திறக்கும் குழுவைத் தண்டித்து, மூடிவைக்கும் குழுவுக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வில் இதைத்தான் கண்டார்: தலைமை நன்றாக இருந்த வார்டுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தவறு அங்கே மறைக்கப்படவில்லை.

ஆனால் ஆட்கள் மேல் பழி போடுமுன், 3ஆம் லைனில் ஓடுவது அதே மாடல் போர்டுதானா, சோதனை மெஷினின் செட்டிங் மற்ற லைன் மாதிரியேதானா என்று எஞ்சினியரிடம் கேளுங்கள். புது மாடல் என்றால் கதையே வேறு.

குழுவில் பயமில்லாமல் வாய் திறக்க முடிகிறதா என்று அளக்க எட்மண்ட்சன் 1999இல் வெளியிட்ட 7 வரிகள் போதும், ஒவ்வொன்றுக்கும் சம்மதம் எவ்வளவு என்று 1 முதல் 5 வரை போடுவார்கள். 40 கேள்வி வைத்தால், விடிகாலை 5 மணிக்கு எல்லாவற்றுக்கும் "4" என்று வட்டம் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த 7இல் 3 எதிர்மறை வரிகள், அதாவது சம்மதம் என்றால் பயம் இருக்கிறது என்று பொருள். மொழிபெயர்ப்பில் முதலில் சறுக்குவது அவைதான். ஆங்கில மூலத்தை மலாய், நேப்பாளி, தமிழ் மூன்றிலும் ஒருவர் பெயர்க்கட்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரட்டும். பிறகு மொழிக்கு 5 ஓப்பரேட்டரிடம் "இந்த வரி என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "குழு" என்றால் லைனா, ஷிப்ட்டா, ஹாஸ்டல் அறையா என்ற குழப்பம் அங்கேதான் வெளிவரும். தாளிலேயே "லைன் 3, இரவு" என்று அச்சடித்துவிடுங்கள்.

தாள் திரும்பியதும் குரோன்பாக் ஆல்பாவை, அதாவது 7 வரிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்ணை, மொழிவாரியாகப் போடுங்கள். 0.70க்குக் கீழே போனால், எந்த வரி மற்றவற்றோடு எதிர்த்திசையில் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஓர் எதிர்மறை வரி தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கும்.

அடுத்து, 14 பேரின் பதிலைச் சேர்த்து "குழுவின் கருத்து" என்று சொல்ல அவர்களுக்குள் ஒற்றுமை இருக்க வேண்டும். அதை அளக்கும் எண் ஆர்டபிள்யூஜி (rwg). 5 புள்ளி அளவில் எல்லோரும் கண்டபடி போட்டால் வரக்கூடிய பரவற்படி (பதில்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) 2. உங்கள் குழுவில் ஒரு வரிக்கு 0.5 வந்தால், 1 கழித்தல் 0.5/2, அதாவது 0.75. வழக்கமான எல்லை 0.70. ஒரு குழுவில் மட்டும் 0.40 வந்தால் அந்த எண்ணைத் தூக்கி எறியாதீர்கள். உள்ளே இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கலாம். எனக்குக் கேட்டால், சராசரியைவிட அதுவே பெரிய செய்தி.

வரிசைப்படுத்துவது வேண்டவே வேண்டாம். தனியாள் பதில்கள் சராசரியிலிருந்து விலகும் அளவு 0.7 என்று வைத்தால், 14 பேர் சராசரியின் பிழை 0.19. இரண்டு குழுவை ஒப்பிடும்போது அது 0.26 ஆகிறது. 3.6க்கும் 3.8க்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல வழியே இல்லை. 12 குழுவை வைத்து "பயம் கூடினால் பழுது கூடுகிறது" என்று தொடர்பு காட்டவும் 0.58 அளவுக்கு ஒட்டுறவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) வர வேண்டும். மேனேஜரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

செந்தூல்காரன்

அளவுகோல் சொன்னதெல்லாம் சரி. ஆனால் தாள் கொடுக்குமுன் கண்ணால் பார்க்க வேண்டும். ஆலைத் தொழிலாளரைக் கவனித்த பழைய ஹாத்தோர்ன் ஆய்வு என்றதும், விளக்கு வெளிச்சத்தை மாற்றிப் பார்த்ததைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதே சிகாகோ பக்கத்து ஆலையில் 1931-32இல் வயரிங் அறையில் 14 ஆண்களைக் கவனித்த பகுதிதான் உங்களுக்குத் தேவை. ஒரு நாளைக்கு எவ்வளவு முடிப்பது என்று அவர்களே ஓர் அளவு வைத்திருந்தார்கள். வேகமாகச் செய்தவனைக் கேலி செய்தார்கள், தோளில் குத்தினார்கள். மேலிடத்திடம் யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதும் அவர்கள் விதி. கூலித் திட்டம் வேகத்துக்குக் காசு கொடுத்தும் குழுவின் விதிதான் ஜெயித்தது. 3ஆம் லைனில் அப்படி என்ன விதி ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

முதல் 2 ஷிப்ட் எதுவும் எழுதாமல் உட்காருங்கள், நீங்கள் இருப்பது அவர்களுக்குப் பழகட்டும். லைன் லீடர் பக்கத்தில் நிற்காதீர்கள், அவர் ஆள் என்று நினைத்துவிடுவார்கள். பிறகு ஷிப்ட் மாறும் 15 நிமிடத்தை மட்டும் எழுதுங்கள்: யார் பேச்சைத் தொடங்கினார், யார் கேள்வி கேட்டார், லீடர் பதில் சொன்னாரா, முகம் திருப்பினாரா. இரண்டு பேர் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள். கப்பா, அதாவது இருவர் எழுதியது எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண், 0.60க்குக் கீழே என்றால் உங்கள் குறியீடுகள் தெளிவாக இல்லை. "மரியாதைக் குறைவு" என்று எழுதினால் ஆளுக்கு ஆள் மாறும். "பதில் சொல்லாமல் நகர்ந்தார்" என்று எழுதினால் மாறாது.

இன்னொன்று, பழுது என்று லைனில் சிவப்பு விளக்கு எரிந்ததிலிருந்து டெக்னீஷியன் வந்து நிற்கும் வரை எத்தனை நிமிடம் என்று பகலிலும் இரவிலும் குறியுங்கள். லைன் நின்ற நிமிடம் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்றும் கேளுங்கள். அது அந்த லைனின் தலையிலேயே விழுந்து, மாத போனஸும் அதனால் குறைந்தால், பழுதைச் சொல்வது 14 பேருக்கும் நட்டம். அந்த நிலையில் எவ்வளவு தைரியம் ஊட்டினாலும் பலிக்காது.

"ஆசியர்கள் மேலதிகாரிக்குப் பயப்படுவார்கள்" என்று ஹோஃப்ஸ்டீட் என்ற ஆய்வாளரின் அதிகார இடைவெளி எண்ணை (மேலதிகாரிக்கு எவ்வளவு பணிகிறார்கள் என்று நாடுவாரியாகக் காட்டுவது) தூக்கிக்கொண்டு வருவார்கள். மலேசியாவுக்கு அது உச்சத்தில் இருப்பது உண்மை. ஆனால் உங்கள் 12 குழுவும் ஒரே நாட்டில், ஒரே கூரையின் கீழ். அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தை அந்த எண் விளக்காது. வெளிநாட்டு ஊழியரின் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகிறது. அவர் வாய் மூடுவதற்குக் காரணம் தேட அவருடைய கலாசாரத்துக்குள் போக வேண்டியதில்லை.

ஜெலுத்தோங் அக்கா

மீனா, ஆட்களைப் பாதுகாக்கும் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் சொல்கிறேன். தாளில் வயது, பால், நாடு, சேவைக்காலம் நான்கையும் கேட்காதே. 14 பேரில் ஒரே ஒரு தமிழ்ப் பெண் இருந்தால், பெயர் எழுதாமலே பெயர் தெரிந்துவிடும். லைனும் ஷிப்ட்டும் போதும். 5 பேருக்குக் குறைவாகப் பதில் வந்த குழுவின் எண்ணை வெளியிடாதே.

பெயரோ ஊழியர் எண்ணோ வாங்கினால் மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வந்துவிடும். எதற்காக வாங்குகிறோம், யாரிடம் போகும் என்ற அறிவிப்பை தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும். நேப்பாளியையும் தமிழையும் நீயாகச் சேர்த்துக்கொள். பூட்டிய பெட்டி, காகிதத் தாள், லைன் லீடர் அந்த அறையில் இருக்கக் கூடாது. ஃபோனில் கியூஆர் வேண்டாம், கம்பெனி வைஃபையில் போனால் யாரும் நம்பமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் வைக்காதே, சம்பள நேரத்தில் 15 நிமிடம் வாங்கு. மூலத் தாள்களைத் தான் கேட்கமாட்டேன் என்று மேனேஜரிடம் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள். தரமாட்டேன் என்றால் சர்வேயைத் தொடங்காதே.

மீனா_பாயான்பாரு

நன்றி அண்ணா, அக்கா. எழுத்து வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு சிக்கல்: நேப்பாளி தெரிந்தவர் 3ஆம் லைனின் துணை லீடர் ஒருவர்தான். வாசிக்கத் தெரியாத சிலருக்கு அவரை வாசித்துக் காட்டச் சொல்லலாமா?

செந்தூல்காரன்

கூடாது. மேலே போகும் ஒவ்வொரு வார்த்தையும் அவர் வாய் வழியாகத்தான் போகிறது, எதைச் சொல்வது எதை விடுவது என்று தீர்மானிப்பவரும் அவரே. உங்கள் ஆராய்ச்சியில் அவர் ஒரு பகுதி. வெளியாள் ஒருவரை வைத்து 7 வரியையும் நேப்பாளியில் குரல்பதிவு செய்யுங்கள், ஹெட்ஃபோனில் தனித்தனியாகக் கேட்கட்டும். பதில் தாளில் எண்ணுக்குப் பதில் சிறிதிலிருந்து பெரிதாக 5 வட்டம். "முழுதும் சம்மதம் என்றால் பெரிய வட்டம்" என்பதைப் பதிவின் தொடக்கத்தில் ஒரு சாதாரண கேள்வியோடு பழக்கிவிடுங்கள், உதாரணமாக கான்டீன் சாப்பாடு பிடிக்கிறதா என்று. அந்தப் பதிலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அளவுகோல்

அதோடு, முடிவை மேனேஜருக்குக் காட்டுமுன் அந்தந்தக் குழுவுக்கு அவர்கள் எண்ணை மட்டும் 2 வாரத்துக்குள் காட்டுங்கள். மாற்றம் செய்வதென்றால், உதாரணமாக இரவுக்கு ஒரு டெக்னீஷியன் கூடுதலாகப் போடுவதென்றால், 3 லைனில் முதலில், மீதி 3இல் 6 வாரம் கழித்து. எழுதிய பழுது முதல் 3 லைனில் ஏறி, கடைசி டெஸ்ட்டில் விழுவது குறைந்தால் வேலை செய்கிறது. எழுதிய பழுது ஏறியதைப் பார்த்து மேனேஜர் பதறுவார். ஏறும் என்று இப்போதே ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.