பச்சைத் தொட்டிக்குள் ஒரு பேட்டரி

பி4 அக்கா: காலை வணக்கம். நேற்று நகராட்சியிலிருந்து வந்தவர் மக்கும் குப்பையை இனி நம் குடியிருப்புக்குள்ளேயே உரமாக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வரி கட்டுகிறோமே, அப்புறம் நாம் எதற்குச் செய்ய வேண்டும்? செகரட்டரி அண்ணா, சொல்லுங்கள்.

செகரட்டரி: புதிதில்லைம்மா. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. 5000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகம் என்றால் மக்கும் குப்பையை முடிந்தவரை உள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று அப்போதே சொன்னார்கள். நம் இடம் அதைத் தாண்டுகிறது.

ஏ1 தாத்தா: நான் ஒன்று சொல்கிறேன். போன வருஷம் ஊரில் தென்னைக்கு வைக்கலாம் என்று நகரக் குப்பையை உரமாக்கும் ஒரு கிடங்கிலிருந்து டிராக்டரில் ஒரு லோடு இறக்கினேன். பார்க்கக் கருகருவென்று நன்றாகத்தான் இருந்தது. பரப்பும்போதுதான் ஷாம்பு பாக்கெட் மூலை, கண்ணாடிச் சில்லு, ரிமோட்டில் போடுகிற பேட்டரி ஒன்று துருவேறி வெடித்துப்போய், எல்லாம் வெளியே வருகிறது. வேலைக்கு வந்த அம்மாளின் உள்ளங்கையில் சில்லு ஏறி, டிடி ஊசி போட்டுக் கூட்டி வந்தோம். அதிலிருந்து எங்கள் பக்கத்தில் சும்மா கொடுத்தாலும் அதை யாரும் தொடுவதில்லை.

டி2 தம்பி: தாத்தா சொல்வதுதான் விஷயம். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் குப்பையிலிருந்து செய்யும் கம்போஸ்ட் உரத்தில், நச்சு உலோகங்களான ஈயமும் காட்மியமும் அளவு மீறக் கூடாது; கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. கலந்த குப்பையை மக்கவைத்துச் சலித்தால் சில்லு போகும், பேட்டரியிலிருந்து கசிந்தது போகாது. உரம் விற்கட்டும் என்று 2016-இல் மத்திய அரசு டன்னுக்கு 1500 ரூபாய் உதவியும் அறிவித்தது. விலை குறைந்தால் மட்டும் போதுமா, விவசாயி பயமில்லாமல் கையால் அள்ள வேண்டாமா? எத்தனை டன் தயாரித்தோம் என்பதைவிட எத்தனை டன் வயலுக்குப் போனது என்பதைத்தான் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

சி3 மாமி: அதெல்லாம் சரிப்பா, நாற்றம்? என் பால்கனிக்கு நேர் கீழேதான் தொட்டி கட்டப் போகிறார்களாம்.

டி2 தம்பி: காற்றே போகாமல் ஈரமாக அமுங்கிக் கிடந்தால்தான் மாமி நாறும். ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு, கொஞ்சம் சாணிக் கரைசல், வாரம் ஒருமுறை கிளறல். கையில் அள்ளிப் பிழிந்தால் விரல் ஈரமாகலாம், தண்ணீர் சொட்டக் கூடாது. நாலைந்து நாளில் உள்ளே தொட்டால் சூடாக இருக்கும், பயப்படாதீர்கள், மக்குகிறது என்று அர்த்தம்.

பி4 அக்கா: சருகா? அந்த வேப்பஞ்சருகைத்தானே தினமும் கூட்டிக் கொளுத்துகிறோம்!

செகரட்டரி: இன்றோடு நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். சாக்கில் கட்டி வைக்கட்டும்.

சி3 மாமி: பேத்தியின் டயப்பர்?

செகரட்டரி: தாளில் நன்றாகச் சுற்றித் தனியாகக் கொடுங்கள் மாமி. மக்கும் குப்பை போடும் பச்சைத் தொட்டியில் வேண்டவே வேண்டாம்.

ஏ1 தாத்தா: சில்லு இல்லாமல் கொடுங்கள், முதல் மூட்டையை நானே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். பழைய பேட்டரிக்கு என் வாசலில் ஒரு டப்பா வைக்கிறேன்.

சி3 மாமி: எங்கள் வீட்டில் நாலு கிடக்கிறது. சாயங்காலம் பேரனிடம் கொடுத்து விடுகிறேன்.